பல்லுக் கட்டப் போன றோசலின்

சுவிஸில் எல்லாவற்றுக்கும் காப்புறுதி உண்டு, பல்லுக்கு மட்டும் இல்லை. கால் முறிந்தால் கட்டுவார்கள். மலையில் விழுந்தால் ஹெலிகொப்டர் வந்து தூக்கும். பல்லு நோகிறது என்றால் மட்டும் அது உங்கள் வாய், உங்கள் காசு. அதனால் எங்கள் சனத்தில் சிலர் பஸ் பிடித்து ஹங்கேரிக்குப் போகிறார்கள். சிலர் ஊருக்குப் போகிற சாட்டில் யாழ்ப்பாணத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னும் விபரமானவர்கள் சென்னைக்குப் போகிறார்கள். ஆனால் ஒருவரும் பல்லுக்குப் போனேன் என்று சொல்வதில்லை. கலியாணத்துக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன் என்பார்கள். வாயைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும், அது வேறு கதை.

றோசலினும் அப்படித்தான் சொன்னாள். அவளை நான் குறை சொல்லவில்லை, ஊரோடு ஒத்துத்தான் சொன்னாள்.

மன்னாரில் பிறந்தவள். பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் கணவர் ஜோர்ஜுடன் இருக்கிறாள். ஜோர்ஜுக்கு ட்ராம் கழுவுகிற வேலை. மகள் படித்து முடித்துச் சூரிச்சுக்குப் போய்விட்டாள். றோசலின் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில் விரிக்கிறாள், அறை துடைக்கிறாள், கிழவர்கள் கழற்றி வைக்கிற பொய்ப்பற்களைக் கழுவிக் கிளாசுக்குள் போடுகிறாள். ஊராரின் பல்லைக் கழுவிக் கழுவியே தன் பல்லைக் கவனிக்காமல் விட்டாள் என்று ஜோர்ஜ் பகிடி விடுவார். பல்லைப் பிடித்திருக்கிற முரசு பழுதாகி மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டன. அந்த இடத்தில் அவள் போட்டிருந்த கழற்றிப் பூட்டுகிற தட்டு நாளாக நாளாக இளகிவிட்டது. பலமாகச் சிரித்தால் கழன்று வரும். அதனால் றோசலின் சிரிக்கிற நேரமெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். வெட்கக்காரி என்று பலர் நினைத்திருந்தார்கள்.

நிலையாகக் கட்டிவிட எவ்வளவு காசு முடியும் என்று இங்குள்ள பல் வைத்தியர் எழுதிக் கொடுத்ததை ஜோர்ஜ் ஒரு தரம் பார்த்தார்.

"இதுக்குள்ளை வாயும் சேர்த்தோ தருவினம்?" என்று கேட்டார்.

சென்னைக் கிளினிக்கை அவர்தான் தொலைபேசியில் தேடிப் பிடித்தார். விமான நிலையத்துக்குக் கார் வரும், தங்க இடம், காலைச் சாப்பாடு, பல்லின் அளவெடுத்துவிட்டுச் செய்து முடிக்கிறவரை காத்திருக்கிற நாட்களில் மாமல்லபுரம் பக்கம் கடற்கரை விடுதி, எல்லாம் ஒரே கட்டணத்தில். பல்லும் ஆச்சு, விடுமுறையும் ஆச்சு. விமானச் சீட்டோடு சேர்த்தாலும் இங்கே கேட்டதில் பாதியும் வரவில்லை. சுவிஸுக்கு வந்த நாளிலிருந்து இவர்கள் இருவரும் செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் தவிர வேறெதற்கும் விமானம் ஏறியதில்லை. கடற்கரை என்ற சொல்லே றோசலினுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மாதத்தில் ஒரு தரம் நடக்கிற தமிழ்ப் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் ஒருத்தி கேட்டாள், இந்தியாவுக்குப் போகிறீர்களாமே, என்ன விசேஷம் என்று.

"வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்த்தி," என்றாள் றோசலின்.

நேர்த்தி ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் போகிறவர்கள் மாதாவிடம் போகாமலா வருவார்கள் என்று அவளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. காத்திருக்கிற நாட்களில் இரவு பஸ் பிடித்துப் போய் வரலாம் என்று ஜோர்ஜிடமும் சொல்லியிருந்தாள். ஆகவே அந்த நிமிடத்தில் அது முழுப் பொய்யுமில்லை.

அனோஜாவும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். கீழ் மாடியில் இருப்பவள், மருத்துவமனைச் சமையலறையில் வேலை. கணவன் லூக்காஸ் பொதி விநியோகிக்கிற வான் ஓட்டுகிறான். கலியாணம் முடித்து இரண்டு தரம் வயிற்றில் வந்தது தங்கவில்லை. இப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். வேலைக்குப் போகவேண்டாம், படியேற வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் அன்று பின்னேரம் படியேறி வந்து கதவைத் தட்டினாள்.

"என்ன பிள்ளை, சொன்னால் நான் இறங்கி வந்திருப்பனே," என்று றோசலின் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

அனோஜா மடியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்தாள். சிவப்புப் பட்டு, ஓரத்தில் சரிகை.

"என்ரை கலியாணக் கூறையிலை வெட்டினது அக்கா. அங்கை பழைய கோயிலுக்குப் போற வழியிலை மரத்திலை தொட்டில் கட்டுறவையெல்லோ. கடையிலை விக்கிற மரத்தொட்டில் வேண்டாம், என்ரை துணியிலை கட்டினால்தான் எனக்கு மனம் ஆறும். ஒரு சின்னக் கல்லை உள்ளுக்கு வைச்சு நீங்களே ஆட்டிவிடுங்கோ. லூக்காசுக்குத் தெரியாது. அவருக்கு இதிலையெல்லாம் நம்பிக்கை இல்லை."

கூறைச்சேலையை வெட்டியிருக்கிறாள் என்பது றோசலினுக்குத் திக்கென்றது. ஒரு பெண் அதை எதற்கு வெட்டுவாள் என்று அவளுக்குத் தெரியாதா. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினாள்.

"நான் கட்டாமல் வாறதோ," என்றாள்.

சென்னையில் முதல் வாரம் வாய்க்குள்ளேயே போனது. ஊசி, துளை, வீக்கம், கஞ்சி. டொக்டர் சின்னப் பெண், றோசலினை அம்மா என்று கூப்பிட்டாள். அளவெடுத்துத் தற்காலிகப் பல் பூட்டிவிட்டு, இனிப் போய் ஓய்வெடுங்கள், பல் வந்ததும் கூப்பிடுகிறோம் என்று அனுப்பினாள். வேளாங்கண்ணி பஸ் அன்று இரவே இருந்தது. விடுதிக்குப் போகிற காரும் வாசலில் நின்றது.

"ஒரு இரவு படுத்தெழும்பிப் போட்டுப் போவம். உன்ரை முகம் இன்னும் வீங்கிக்கிடக்கு. மாதா ஓடியோ போகப்போறா?" என்றார் ஜோர்ஜ்.

விடுதி கடலைப் பார்த்தபடி இருந்தது. மறுநாள் றோசலின் ஒன்பது மணி மட்டும் நித்திரை கொண்டாள். எழும்பியதும் பழக்கத்தில் கட்டிலை மடிப்புக் கலையாமல் விரித்து வைத்தாள். அறை துப்புரவாக்க வந்த பெண் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நீங்க போய் உட்காருங்கம்மா என்றாள். தன்னை ஒருத்தி உட்காரச் சொன்னதும் றோசலினுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போய் உட்கார்ந்தாள். இளநீர் வந்தது. ஜோர்ஜ் அரைக் காற்சட்டையோடு நீச்சல் குளத்துக்குள் இறங்கி, தண்ணீர் மூக்குக்குள் போய்த் தும்மிக்கொண்டு நின்ற கோலத்தைக் கண்டு அவள் சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. அது அவளுக்கே பிறகுதான் விளங்கியது. அன்று முழுவதும் சிரித்தாள். பின்னேரம் சுரிதாரோடு தானும் தண்ணீருக்குள் இறங்கினாள். பஸ்ஸை நாளைக்குப் பிடிக்கலாம் என்று முடிவாயிற்று. அதைச் சொன்னது ஜோர்ஜ் இல்லை, அவள்தான்.

அடுத்த நாள் குளத்தடியில் இருக்கும்போது அனோஜாவின் குரல் தொலைபேசியில் வந்தது. பதிந்து அனுப்பியிருந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு கதைத்தாள்.

"அக்கா, இண்டைக்குக் காலமை கொஞ்சம் ரத்தம் பட்டது. ஹொஸ்பிற்றலிலைதான் நிக்கிறன். பயப்பிடாதையுங்கோ எண்டு சொல்லினம். எனக்குப் பயமாக் கிடக்கு. தொட்டில் கட்டிட்டியளோ?"

றோசலின் ஈரக் கையோடு நின்றாள். இன்னும் இல்லை என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது. இன்றிரவு பஸ் ஏறி விடியக் கட்டிவிட்டால் இப்போது சொல்வது பொய்யாகாது, ஒரு நாள் முந்திச் சொன்னதாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டாள். நல்ல மனதில்தான் போட்டாள். கொஞ்சம் பயத்திலும் போட்டாள்.

"ஓமம்மா, கட்டிட்டன். நல்லா ஆடுது. நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை," என்று திருப்பி அனுப்பினாள்.

அன்று பின்னேரம் கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். பல் நேரத்தோடு வந்துவிட்டது, நாளைக் காலை பூட்டிப் பார்க்கவேண்டும், பொருத்தம் சரியில்லையென்றால் திருத்த நாள் வேண்டும், ஆகவே தவறாமல் வாருங்கள் என்றார்கள். பொருத்தம் சரியில்லைத்தான். திருத்தினார்கள், பூட்டினார்கள், திரும்பவும் கூப்பிட்டார்கள். பல் முடிந்தபோது விமானத்துக்கு ஒரு பகல்தான் இருந்தது. றோசலின் கிளினிக்குக்குப் பக்கத்தில் படமும் செபமாலையும் விற்கிற ஒரு கடையில் வேளாங்கண்ணி மாதா எண்ணெய்ப் போத்தல் ஒன்று வாங்கினாள். கூறைத் துண்டு பெட்டியின் பக்கப் பைக்குள் போட்டபடியே கிடந்தது.

விமானத்தில் ஜோர்ஜ் சொன்னார், "அந்தப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லிவிடு. இன்னொருத்தர் போகேக்கை குடுத்துவிடுவம்."

"ரத்தம் படுற பிள்ளைக்கு இதைச் சொல்லுறதோ?" என்று றோசலின் சீறினாள். கோபம் அவர் மேல் இல்லை.

ஓஸ்டர்முண்டிகனில் அவள் வாயைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பத்து வயது குறைந்துவிட்டது என்றார்கள். ரத்தம் நின்று வீட்டுக்கு வந்திருந்த அனோஜா மட்டும் பல்லைப் பார்க்கவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டு, எந்த மரம், எந்தக் கொப்பு, ஆட்டிவிட்டீர்களா என்று கேட்டாள். றோசலின் மரம் சொன்னாள், கொப்புச் சொன்னாள். படம் எடுக்கவில்லையா என்றதற்கு, அங்கே எடுக்க விடுவதில்லை என்றாள். எண்ணெயைக் கொடுத்தாள். அனோஜா ஒவ்வொரு நாளும் அதை வயிற்றில் பூசினாள். புதுப்பல் வந்த பிறகு றோசலின் முன்னையைவிடக் குறைவாகவே சிரித்தாள். அதை ஜோர்ஜைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை.

பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்தது. வேலை இடத்துக்கு லூக்காஸ் அழைத்துச் சொன்னான். அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள், உடனே வயிற்றை வெட்டி எடுத்துவிட்டார்கள், பெண்பிள்ளை, மூச்சு விடக் கஷ்டப்படுகிறது. றோசலின் கையிலிருந்த படுக்கை விரிப்பைப் போட்டுவிட்டு, தான் விரித்துக்கொண்டு நின்ற கிழவி ஒருத்தியின் கட்டிலிலேயே இருந்துவிட்டாள். என்னாலேதான், என்னாலேதான் என்று மட்டும் மனம் அடித்துக்கொண்டது. நீ மரத்தில் கட்டாததற்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களோ நானோ கேட்கலாம். அவளிடம் அது எடுபடாது. தான் குளத்துக்குள் நின்று சிரித்த அந்த நாளுக்கு இந்தப் பிள்ளை விலை கொடுக்கிறது என்றே அவள் நம்பினாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை ஒரு கைப்பிடிதான் இருந்தது. அனோஜா சக்கர நாற்காலியில் பக்கத்தில் இருந்தாள். றோசலினைக் கண்டதும் அவள்தான் ஆறுதல் சொன்னாள்.

"அழாதையுங்கோ அக்கா. மாதா தந்த பிள்ளையை மாதா விடமாட்டா."

அதற்குப் பிறகு றோசலின் வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்தாள். வேலை முடித்து ஒவ்வொரு நாளும் சூப் கொண்டுபோனாள், அனோஜாவின் உடுப்புத் தோய்த்தாள், வீடு துடைத்தாள். பார்த்தவர்கள் கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்றார்கள். அந்தப் பேச்சுக் காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு ஓடி ஒளியவேண்டும் போலிருந்தது. தமிழ்ச் சுவாமியார் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். முறை வந்ததும், பொய் சொன்னேன், புருஷனோடு கோபித்தேன், செபத்தில் பராக்காக இருந்தேன் என்று பெரிய நோட்டைச் சில்லறையாக மாற்றிச் சொன்னாள். சுவாமியார் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். மூன்றும் சொல்லி முடித்தாள், பாரம் இறங்கவில்லை. சுவாமியாரையும் ஏமாற்றியாயிற்று என்ற கவலை மேலும் சேர்ந்தது.

பிள்ளை தேறியது. கொழுத்துப்போய் வீட்டுக்கு வந்தது. ஆரோக்கிய மாதாவின் பெயரால் ஆரோக்கியா என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரை எந்த ரீச்சர் சரியாகக் கூப்பிடப் போகிறாள் என்று லூக்காஸ் சிரித்தான், ஆனாலும் சம்மதித்தான். முன்பெல்லாம் கோயில் வாசலோடு நின்றுவிடுகிற லூக்காஸ் இப்போது பூசைக்கு முன்வரிசைக்கு வருகிறான். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்ற ஒரு நாளில்தான் அனோஜா அவனுக்குத் தொட்டிற்கதையைச் சொல்லியிருக்கிறாள். அன்று அவன் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதானாம்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்ததும் இரண்டு பேருமாக மேலே ஏறி வந்தார்கள்.

"ஞானத்தாயா நீங்கள்தான் நிக்கவேணும். வேறை ஆரை நாங்கள் கேக்கிறது," என்றான் லூக்காஸ்.

றோசலின் தலையாட்டினாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. இரண்டு நாள் வேலையிடத்தில் தட்டுத் தடுமாறினாள். பலிபீடத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுகிறேன் என்று சொல்லவேண்டும். அதை மட்டும் தன்னால் முடியாது என்று தோன்றியது. மூன்றாம் நாள் லூக்காஸ் வேலைக்குப் போன பிறகு கீழே இறங்கினாள்.

அனோஜா குசினியில் பால்போத்தல்களை அவித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை நித்திரை. றோசலின் இருக்கவில்லை. நின்றபடியே கூறைத் துண்டை மேசையில் வைத்தாள்.

"நான் வேளாங்கண்ணிக்குப் போகேல்லை அனோ."

அனோஜா துணியைப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்தாள்.

"பல்லுக்குத்தான் போனது. போக ரெண்டு நாள் கிடைச்சது. கடற்கரையிலை நிண்டிட்டம். நீ கேட்ட நேரம் நான் தண்ணிக்குள்ளை நிண்டனான். நாளைக்குக் கட்டுவம் எண்டு நினைச்சுத்தான் அப்பிடிச் சொன்னனான். பிறகு ஏலாமல் போச்சு. நான் ஞானத்தாயா நிக்க ஏலாது. நான் அதுக்கு ஆளில்லை."

அனோஜா அடுப்பை அணைத்தாள். போத்தல்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் துணியில் கவிழ்த்தாள்.

"என்னை ஒப்பரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகேக்கை எனக்குப் பயமே இருக்கேல்லை அக்கா," என்றாள். "தொட்டில் ஆடுது, தொட்டில் ஆடுது எண்டு நினைச்சுக்கொண்டே கிடந்தன். இப்ப நினைக்கத்தான் பயமாக் கிடக்கு."

"என்னை மன்னிச்சிடு பிள்ளை."

"இதை ஏன் இப்ப சொன்னனீங்கள்? பிள்ளை கையிலை இருக்கு. நான் சந்தோசமாத்தானே இருந்தனான். உங்கடை பாரத்தை இறக்கிப்போட்டு மேலை போயிடுவியள். நான் இதை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

றோசலின் இதை எதிர்பார்க்கவில்லை. ஏசுவாள், அழுவாள், கதவைச் சாத்துவாள் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தாள். சொன்னதும் ஒரு குற்றமாகிவிடும் என்று நினைக்கவேயில்லை. அனோஜா சொன்னது சரி என்று பட்டது.

"லூக்காசுக்குச் சொல்லாதையுங்கோ," என்றாள் அனோஜா. "அந்த மனிசன் இப்பதான் கோயிலுக்கு வாறார். ஞானத்தாயும் நீங்கள்தான். மாத்தினால் ஏனெண்டு கேப்பார், நான் என்னத்தைச் சொல்லுறது?"

துணியை எடுத்து மடித்தாள். றோசலின் பக்கம் திரும்பவில்லை.

"இவள் நடக்கத் தொடங்கின பிறகு நாங்கள் போய்க் கட்டுவம். நீங்கள் வரவேண்டாம்."

ஞானஸ்நானம் புரட்டாதியில், பேர்ணில் நடந்தது. றோசலின் சேலை கட்டிப் பிள்ளையை ஏந்தி நின்றாள். சுவாமியார் கேட்டதற்கெல்லாம் விட்டுவிடுகிறேன், விட்டுவிடுகிறேன் என்று சொன்னாள். தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டது, சனம் சிரித்தது. பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் ரோல்ஸும் பற்றிஸும் கேக்கும் பரிமாறினார்கள். லூக்காஸ் மேசை மேசையாகப் போய், கூறையில் வெட்டின தொட்டிலின் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்டவர்கள் வந்து றோசலினின் கையைப் பிடித்தார்கள். ஒரு வயதான மனிசி பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"நானும் ஒருக்காப் போகவேணும் எண்டு கிடக்கிறன், பிள்ளை. நீ போன நேரம் மாதா கோயிலிலை சனமோ?"

றோசலின் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அனோஜா ரோல்ஸ் தட்டோடு அந்த மேசைக்கு வந்திருந்தாள். அவள் பொய் சொல்லி றோசலின் ஒரு நாளும் கேட்டதில்லை.

"சரியான சனமாம் ஆச்சி," என்றாள் அனோஜா, தட்டை நீட்டிக்கொண்டே. "மரம் முழுக்கத் தொட்டிலாம். இடம் கிடைக்காமல் அக்கா வெய்யிலுக்குள்ளை நிண்டு, எட்டாத கொப்பை இழுத்துப் பிடிச்சுக் கட்டினவவாம். ரோல்ஸ் எடுங்கோ."

அவள் றோசலினைப் பார்க்காமல் அடுத்த மேசைக்குப் போனாள். றோசலினுக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. ஆச்சி அவள் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஓம் ஆச்சி," என்றாள் றோசலின். "சரியான சனம்."